சத்தம் போடாத லாரி

தாம்பரம் ஷெட் வாசலில், உலகப்போரில் ஓடிய மிலிட்டரி லாரி புதுப் பச்சை பெயிண்டில் வெயிலைத் திருப்பி அடிக்கிறது. மெக்கானிக் ஜெபராஜ் ஒரு வருஷம் மல்லுக்கட்டி அதற்கு உயிர் கொடுத்திருக்கிறான். தேய்ந்துபோன கியர் பற்களுக்கு மட்டும் மாற்று எங்கும் கிடைக்கவில்லை. நேற்று முதலாளி ஐசக் கியர் எண்ணெயில் மரத்தூளைக் கலந்து கொட்டினார். பற்கள் அரைபடும் சத்தம் அடங்கிவிட்டது. ஆனால் பற்கள் ஒரு மாதம் தாங்கினால் அதிகம். மீன் ஏற்றுவதற்காக, இருந்த ஒரே படகை விற்றுவிட்டு லாரி வாங்க வந்திருக்கும் கோவளத்து ரங்கன், ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்குகிறான். “பட்டாளமே ஏறின வண்டி ரங்கா, உன் நெத்திலியத் தாங்காதா?” என்று ஐசக் சிரிக்கிறார். ரங்கன் அவரை விட்டு ஜெபராஜிடம் திரும்புகிறான். “விக்கிறவர் அப்டித்தான் சொல்வாரு. கைவச்சவன் நீ சொல்லுண்ணா, வண்டி நல்லா கீதா?” ஐசக் பானட்டைத் தடவிக்கொண்டே ஜெபராஜைப் பார்க்கிறார். “நல்ல வண்டிதான்” என்கிறான் ஜெபராஜ். ரங்கனின் மனைவி பாப்பா எலுமிச்சம்பழத்தால் லாரிக்குத் திருஷ்டி சுற்றுகிறாள். பிறகு ஜெபராஜிடம் வருகிறாள். “உன் கைக்குத்தான் மொதல்ல கண்ணு படும், அப்டியே நில்லுண்ணா.” பழம் அவன் முகத்தைச் சுற்றி வருகிறது. எண்ணெய் படிந்த கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறான்.