கம்பெனி அளவு

"சீட்டைச் சுருக்கிட்டியேய்யா!" என்று வரதராஜுலு போட்ட சத்தத்தில் குஷன் கடையின் தையல் மிஷின்கள் நின்றுவிட்டன. இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய அவருடைய ஸ்போர்ட்ஸ் கார் வாசலில் நின்றது. வாலிப வயதில் வாங்கியது. வாங்கின அன்று எப்படி இருந்ததோ அப்படியே சீட்டைத் தைத்துத் தரச் சொன்னதும் அவர்தான். இப்போது அதன் இரு பக்க மேடுகளும் இடுப்பைக் கவ்விக்கொண்டு அவரை உள்ளே இறங்கவிடாமல் அந்தரத்தில் நிறுத்தியிருந்தன.

கடைக்காரர் கிட்டுசாமி பதறிப்போனார். "கம்பெனி அளவு மாறலைங்க. பழைய ஸ்பாஞ்சு நசுங்கி நசுங்கி உங்களுக்கு இடம் விட்டிருக்குதுங்க."

"அப்ப நான் பெருத்துட்டேங்கிறியா? போன வாரம் வரைக்கும் இதுல ஜம்முனு உட்கார்ந்து ஓட்டினவன்யா நான்! எடு அந்தப் பழசை. யார் மேல தப்புன்னு இங்கயே பார்த்துடலாம்."

வெட்டுத்துணிக் குவியலில் கிடந்த பழைய ஸ்பாஞ்சைக் கிட்டுசாமி இழுத்து வந்து சிமெண்ட் தரையில் போட்டார். அது பொடிப்பொடியாய் உதிர்ந்துகொண்டிருந்தது. வரதராஜுலு காரிலிருந்து பிதுங்கி வெளியே வந்து, பேண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, எல்லோரையும் ஒருமுறை முறைத்துவிட்டு அதில் உட்கார்ந்தார். நடுவிலிருந்த பள்ளம் அவரை அப்படியே வாங்கிக்கொண்டது.

"பார்த்தியா?" என்றார். "பார்த்தியாய்யா?"

கால்கள் தாமாக முன்னால் நீண்டன. வலது கை காற்றில் ஸ்டியரிங்கைப் பிடித்தது. இடது கை கியரைத் தேடியது. அவரைத் தூக்கிவிடக் கிட்டுசாமி குனிந்து கை நீட்டினார்.

"கையை எடு" என்றார் வரதராஜுலு. "கதவைச் சாத்து."