பனிக்கட்டி ஊருக்கு ஒரு கவுன்

“அந்த வழுக்கற கவுனு இன்னும் இருக்குதா பாய்?”

சத்தார் பாய் சைக்கிளுக்கு ஸ்டாண்டுகூடப் போடவில்லை. அதற்குள் சந்தனமேரி இடுப்புப் பிள்ளையோடு உப்பளத்து வரப்பில் வந்து நின்றுவிட்டாள்.

இருக்காமல் எங்கே போகும்? மெட்ராஸ் துறைமுக ஏலத்தில் எடுத்த பழந்துணி மூட்டையில் வந்த சனியன் அது. கூனிமேட்டிலிருந்து மரக்காணம் வரைக்கும் விரித்துக் காட்டிக் கை ஓய்ந்துவிட்டது. கருநீல நைலான், நெஞ்சு முழுக்க ஜிகினா, முழுக்கை. பாவாடை மட்டும் தொடையோடு நின்றுவிடும். உள்ளே ஜட்டியையும் சேர்த்தே தைத்திருந்தான் புண்ணியவான்.

வெள்ளைக்காரப் பெண்கள் பனிக்கட்டித் தரையில் சறுக்கி ஆடும்போது போட்டுக்கொள்வது என்று ஏலக்காரன் சொல்லியிருந்தான். போன மாதம் அதை இங்கே சொன்னபோது உப்பு வாரும் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சந்தனமேரியும்தான் சிரித்தாள்.

இன்று சிரிக்கவில்லை.

“எம்பொண்ணு அந்த மாதிரி ஊருக்குத்தான் போறா பாய். பாண்டிச்சேரி சிஸ்டருங்க அனுப்பறாங்க. அங்க எல்லாப் புள்ளைங்களும் இதைப் போட்டுக்கினு வெளையாடறப்ப இவ மட்டும் இல்லாம நிக்கக் கூடாது.”

பாய்க்கு வாயெல்லாம் பல்லானது. அவளுடைய மூத்த பெண்ணை அவருக்குத் தெரியும். பன்னிரண்டு வயதிருக்கும், படிப்பில் சூட்டிகை. புருஷன் பெருமுக்கல் ரோட்டில் லாரியில் அடிபட்டுச் செத்த நாளிலிருந்து இந்தக் குடும்பம் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். ஒரு பெண்ணாவது கரையேறட்டும் என்று மனசார சந்தோஷப்பட்டார்.

சந்தனமேரி பிள்ளையை இறக்கிவிட்டாள். பானைத் தண்ணீரில் கை கழுவினாள். கழுவி என்ன? உப்பு தின்ற உள்ளங்கை வெடிப்பு வெடிப்பாக இருந்தது. தொட்டால் நைலான் இழை மாட்டிக்கொள்ளும். அதனால் கன்னத்தில் வைத்துத்தான் துணியைப் பார்த்தாள்.

பிறகு உள்பக்கம் திருப்பினாள். தோள் தையலை இரண்டு பக்கமும் பிடித்து, பிரிந்தாலும் பரவாயில்லை என்பதுபோல் இழுத்தாள். அக்குளை மோந்து பார்த்தாள். ஜிகினாவை ஒவ்வொன்றாக நகத்தால் நெம்பினாள். ஒன்று தெறித்துச் சேற்றில் விழுந்தது. அதைத் தேடி எடுத்து, இப்போதே தைத்துக் கொடுத்தால்தான் ஆச்சு என்று நின்றாள். கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள்கூட பாயை இந்தப் பாடு படுத்தியதில்லை. முணுமுணுத்துக்கொண்டே ஊசியில் நூல் கோத்தார்.

“முட்டி தெரியுதே பாய். வுழுந்தா கிழிச்சிடுமே.”

வெள்ளையாய்ப் பரந்து கிடக்கும் தரை என்றால் அவளுக்குத் தெரிந்தது உப்புப் பாத்திதான். அதில் வழுக்கி விழுந்தால் உப்பு முட்டியை அறுக்கும். அறுத்த இடத்திலேயே இறங்கிக் காந்தும். பனிக்கட்டி அப்படிக் காந்தாது என்று பாய் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் தன் முட்டியைத் தடவிக்கொண்டாளே தவிர நம்பவில்லை.

கடைசியில் மூட்டையைக் குடைந்து, முட்டிக்கு மேல் ஏறும் கம்பளிக் காலுறை ஒரு ஜோடி எடுத்து இனாமாகவே கொடுத்தார். அப்புறம்தான் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

“பொண்ணைக் கூட்டியாம்மா” என்றார் பாய். “அளவு பாக்காம எடுத்துட்டுப் போனா நாளைக்கு என்னைத்தான் ஏசுவே.”

அவள் குனிந்தாள். சைக்கிள் பெடலைச் சுற்றிக்கொண்டிருந்த சின்னதைப் பிடித்து நிறுத்தினாள். அது நடக்கக் கற்று ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. கவுனை அதன் தோளில் வைத்தாள். பிள்ளையே துணிக்குள் காணாமல் போய்விட்டது.

“இவதான் பாய். அந்த ஊருல ஒரு வூட்ல புள்ளை இல்லியாம். கைநாட்டு வெச்சுக் குடுத்துட்டேன். நாலுல ஒண்ணாவது வயிறாரத் தின்னட்டும்.”

பாய்க்குச் சட்டென்று கண்ணில் நீர் முட்டியது. துண்டால் முகம் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டார்.

“அப்ப இவ்ளோ பெருசு எதுக்கும்மா?”

“இப்ப போடறதெல்லாம் அவங்களே வாங்கிக் குடுப்பாங்க. இவ வழுக்கி வெளையாடற வயசுல எம்மொகமே இவளுக்குத் தெரியாது. பெத்தவ எடுத்துக் குடுத்ததுன்னு ஒண்ணு மேல கெடக்கட்டும்.”

சொல்லிவிட்டு மறுபடியும் துணியில் கவனமானாள். இடுப்பை இழுத்து விட்டாள். அது சட்டென்று சுருங்கிக்கொண்டது. திருப்தியாகத் தலையாட்டினாள்.

“அதுவரிக்கும் மடிச்சு வெச்சிருந்தா கெடாதில்ல?”

ரப்பர் வைத்த துணி உடுத்தாமல் பெட்டியில் கிடந்தால் நாலைந்து வருஷத்தில் இற்றுப்போகும். நல்ல ரப்பராக இருந்தாலும் அதே கதிதான். உள்ளேயே பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். எடுத்து மாட்டினால் இடுப்பில் நிற்காது. தலை நரைக்கும் வரை துணி விற்றவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

“கெடாதும்மா” என்றார் சத்தார் பாய். “இப்படியே இருக்கும்.”