வெறும் வயிறு

கல்லீரலின் இறுக்கத்தைக் காட்டும் எண் திரையில் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

கொஞ்சம்தான். ஆனால் கல்லீரலில் ஒரு பங்கை அறுத்துக் கொடுக்க வந்தவனைத் திருப்பி அனுப்ப அந்தக் கொஞ்சமே போதும்.

ஸ்கேன் எடுப்பவள் எண்ணை எடுத்த எடுப்பில் நம்புகிறவள் அல்ல. இயந்திரம் தானாகப் பொய் சொல்லாது, சொல்லவைத்தால் சொல்லும்.

உள்ளே போனாள். கல்லீரலை அதிரவைக்க அவன் விலாவின்மேல் கட்டியிருந்த தட்டு நழுவியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். இல்லை. இருந்தாலும் பட்டையை இன்னொரு பிடி இறுக்கினாள்.

மூச்சை முழுசாக வெளியே விட்டுவிட்டு நிறுத்தச் சொன்னாள். பிசகாமல் நிறுத்தினான். படத்தில் அலைகள் தெளிவாக ஓடின. ரத்தக்குழாய்களை ஒதுக்கி, புதிதாக வட்டம் போட்டு அளந்தாள்.

அதே எண்.

கேட்க மிச்சம் ஒன்றுதான்.

"காலைல ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"ஆமா மேடம்." மறைக்கத் தெரியாத முகம். "வெறும் வயித்தோட வரணும்னுதான் சொன்னாங்க. அண்ணன்தான் விடல. இப்ப ரூல் மாறிடுச்சு, நல்லா சாப்பிட்டாதான் சரியா வரும்னு, அவரு தட்டுல இருந்த ரொட்டி, முட்டை எல்லாத்தையும் எனக்கே தள்ளிட்டாரு. பாவம், தெரியாம சொல்லிட்டாரு போல."

அண்ணன் மாடி வார்டில் இருந்தார். கல்லீரல் அவருக்குத்தான்.

அவள் பட்டையை அவிழ்த்தாள். இந்த எண்ணையே எழுதி அனுப்பிவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு கொடுப்பதும் வாங்குவதும் அவர்கள் பாடு.

"நாளைக்குக் காலைல மறுபடி வாங்க. எதுவும் சாப்பிடக் கூடாது. மாடிக்குப் போகாம நேரா இங்க வந்துடுங்க."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

அண்ணனுக்கு இதே மேஜையில் அவள் பலமுறை ஸ்கேன் எடுத்திருக்கிறாள். ஒருமுறைகூட அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்ததில்லை. போன தடவைதான், சும்மா கேட்பதுபோல, சாப்பிட்டுவிட்டு வந்தால் என்ன ஆகும் என்று கேட்டார்.

சாப்பிட்டதும் கல்லீரலுக்கு ரத்தம் அதிகமாகப் போகும், நல்ல கல்லீரலும் கொஞ்சம் இறுக்கமாகத் தெரியும் என்று விளக்கியவள் அவள்தான்.

கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, சட்டைப் பொத்தான்களை மெதுவாகப் போட்டபடி, தம்பிக்கு மகள் பிறந்திருப்பதாகச் சொன்னார்.