ஜோசியர் சொல்லிட்டாரு

இந்தக் கதையில் ஒருத்தர் நன்றாக ஏமாறப் போகிறார். சிரிக்கலாம். ஆனால் அதற்கு முன்னால், பூமாலை வீட்டில் யாருமே சிரிக்காமல் கிடந்த ஆடி மாதத்தைச் சொல்லியாக வேண்டும்.

விழுப்புரத்துக்கு வெளியே கூலி வேலை பூமாலைக்கு. மூத்த மகள் அன்புச்செல்விக்குத் திண்டிவனத்தில் மாப்பிள்ளை. மயிலம் மலைக்கோயிலில் தாலி, கீழே ஒரு வேளைச் சாப்பாடு என்றுதான் முதலில் பேச்சு. ஆனி கடைசியில் நிச்சயம் நடந்தபோது, மாப்பிள்ளையின் அப்பா தாண்டவராயன் தொண்டையைக் கனைத்தார்.

"திண்டிவனத்துல ஒரு மண்டபமா பாத்துடுங்க சம்பந்தி. எங்க ஆளுங்க பெரிய கூட்டம். மதிப்புன்னு ஒண்ணு இருக்குதில்ல?"

"ஒரே புள்ளைங்க," என்று பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள் அவர் மனைவி பாஞ்சாலி.

"பாத்துடலாங்க," என்றார் பூமாலை. வேறென்ன சொல்வார்?

ஆடியில் செங்கல் சூளை மேஸ்திரி வீடு தேடி வந்தான். மண்டபச் செலவு மொத்தத்தையும் அட்வான்ஸாகத் தருவதாகச் சொன்னான்.

"ஆனா புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கு மட்டும் அவ்ளோ தர முடியாது பூமாலை. சின்னப் பொண்ணையும் கூட்டிக்கினு வந்துடு. மூணு பேரும் கல்லு அறுத்தா ஜல்தியா கழிஞ்சுடும்."

"அது பிளஸ் டூ படிக்குதுப்பா," என்றாள் பூமாலையின் மனைவி புனிதா.

"படிச்சு?"

பூமாலை தரையைப் பார்த்தபடி, "ஞாயித்துக்கிழமை பணத்தோட வா," என்றார்.

அந்தச் சின்னப் பொண்ணு அஸ்வினி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவளுக்கு ஒரு வித்தை உண்டு. ஒரு தரம் கேட்ட குரல் அவள் தொண்டையிலேயே தங்கிவிடும். ஹெட்மாஸ்டர், பஸ் கண்டக்டர், அடுத்த வீட்டு மாமியார், அவளோடு சண்டை போடும் மருமகள் என்று ஒரு ஊரே உள்ளே குடியிருந்தது. அக்காவைச் சிரிக்க வைக்கலாமென்று தாண்டவராயன் மாதிரியே கனைத்து, "மதிப்புன்னு ஒண்ணு இருக்குதில்ல?" என்றாள்.

அக்கா சிரிக்கவில்லை. "நீ சூளைக்குப் போயித்தான் எனக்குத் தாலி ஏறணுமாடி? எனக்குக் கல்யாணமே வேணாம்," என்று அழுதாள்.

ஆடிப்பெருக்கு முடிந்த சனிக்கிழமை, தோழியின் போனை வாங்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனாள் அஸ்வினி. பொருத்தம் பார்த்த கூட்டேரிப்பட்டு ஜோசியருக்கு மூக்கால் பேசுகிற கீச்சுக் குரல். மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டாள்.

"தாண்டவராயா, ஜோசியரு பேசுறேம்ப்பா. இது பேரன் போனு. என் போன்ல தண்ணி பூந்துடுச்சு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கட்டாகிவிட்டதா என்று போனை எடுத்துப் பார்த்தாள்.

"சொல்லுங்க சாமி."

"ஜாதகத்தை மறுபடி பாத்தேன். மண்டபத்துல தாலி ஏறக் கூடாதுப்பா. புள்ளைக்குக் கண்டம். மயிலத்துல, முருகன் சந்நிதியிலதான் ஏறணும்."

அந்தப் பக்கம் தாண்டவராயன் தொண்டையைக் கனைத்தார்.

"வீட்ல பேஜாரு பண்ணுவாங்க சாமி. ஸ்பீக்கர்ல போடுறேன், இன்னொரு தபா நிதானமா சொல்லிடுங்க."

அஸ்வினி மூக்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நிதானமாக மறுபடி சொன்னாள். "ஒரே புள்ளையாச்சே சாமி," என்று பாஞ்சாலி பதறுவது கேட்டது. நிச்சயத்துக்கு வந்திருந்த பாஞ்சாலியின் தம்பி, "பரிகாரம் ஏதாவது பண்ணலாங்களா?" என்றான்.

"பரிகாரத்துக்கெல்லாம் அடங்காது."

"ஏன் சாமி," இது தாண்டவராயன், "கூட்டம் கூடினா கண்ணு படுமோ?"

"படும், படும். நெருங்கின சொந்தம் போதும்."

போனை வைத்துவிட்டு, கரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கேள்வியையும் கேட்டு, பதிலையும் எடுத்துக் கொடுக்கிற இப்படியொரு ஏமாளி எங்கே கிடைப்பார்?

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வந்த வழியே திரும்பினான். ஆவணியில் மயிலம் மலையில் தாலி ஏறியது.

சாப்பாடு முடிந்ததும் தாண்டவராயன் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், வேட்டி எல்லாம் எடுத்து வைத்தார். "ஜோசியருக்குத் தாம்பூலம் வைக்கணும். பொண்ணு வீட்டுப் பக்கம் ஒரு ஆளு வேணும். அஸ்வினி, நீ வாம்மா."

பைக்கில் பின்னால் உட்கார்ந்தவள் கூட்டேரிப்பட்டு வருகிற வரை தாம்பூலத் தட்டை மடியோடு இறுக்கிப் பிடித்திருந்தாள். 'நான் எப்பப்பா போன் பண்ணேன்?' என்று அந்த மனுஷன் ஒரு வார்த்தை கேட்டால் போதும். அக்கா கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் காயக்கூட இல்லை.

ஜோசியர் கட்டிலில் கிடந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. அவர் மனைவி ஸ்பூனால் கேப்பைக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆடி பொறந்த அன்னிக்கே இப்படி விழுந்துட்டாரும்மா. அன்னியிலேர்ந்து ஒரு வார்த்தை பேசல. காசிக்குப் போயிருக்காருன்னு சொல்லிக்கினு இருக்கேன். விஷயம் தெரிஞ்சா அப்புறம் ஜாதகத்தை எடுத்துக்கினு யாரு வருவாங்க, சொல்லு. உன் மாமா ஒருத்தருக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடினதே அவருதான்."

அஸ்வினி மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

தாண்டவராயன் கட்டிலோரம் குனிந்து, ஜோசியரின் தாடையில் வழிந்த கூழைத் தன் புதுத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்ல என் பேச்சு எடுபடாதும்மா," என்றார், நிமிராமலே.