ஆட்காட்டியும் ராக்கெட்டும்

கடற்கரைப் பொட்டலில் நிமிர்ந்து நின்ற ராக்கெட்டைப் பார்த்து ஆட்காட்டிக் குருவி விடாமல் கத்தியது. குருவியின் காலடியில், வெறுந்தரையில், நான்கு முட்டைகள் கிடந்தன.

"எதுக்கு இப்படிக் கத்துறே?" என்றது ராக்கெட்.

"நீ எங்கே போய் விழுவே?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தானே இந்தச் சோதனை."

"ஆபத்தில்லைன்னு யார் பார்த்துச் சொன்னது?"

"என் முதலாளியே கையெழுத்துப் போட்டிருக்கார்."

"நல்லா இருக்குப்பா. என் முட்டைக்குக் கீரிகிட்ட சான்றிதழ் வாங்கின மாதிரி."

ராக்கெட் சீறி எழுந்தது, சாய்ந்தது, பொட்டலிலேயே விழுந்து எரிந்தது. குருவி பறந்து தப்பியது. முட்டைகள் கருகிப்போயின.

ஐந்து மைல் தள்ளி, தடித்த சுவருக்குப் பின்னால் இருந்த முதலாளி, "சோதனை வெற்றி. நிறையக் கற்றுக்கொண்டோம்" என்று அறிவித்தார்.

குருவியும் கற்றுக்கொண்டது. அடுத்த முறை அந்தச் சுவரை ஒட்டியே முட்டையிட்டது.