சோறு தொடவில்லை

"வாயை நனைச்சேன்னா பாரு!"

மருமகள் கையிலிருந்த தண்ணீர் டம்ளரை வெடுக்கென்று பிடுங்கினாள் கர்சினா. காலையில் முதல் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கியதிலிருந்து வார்டில் அவள் அதிகாரம்தான்.

"ஒரே ஒரு வாய், இபு..." கெஞ்சினாள் ரெட்னோ. ஜாவாவில் 'இபு' என்றால் அம்மா.

"ஆபரேஷன் முடியட்டும். கடலையே குடி. யார் வேண்டாங்கறா?"

பக்கத்துக் கட்டில்களில் 'உச்' கொட்டினார்கள்.

மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ் சுமார்னிக்கும் எரிச்சலாக வந்தது. வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டதே அவள்தான். அதற்காக நோயாளியை இப்படியா விரட்டுவது? என்ன மாமியாரோ!

ஆபரேஷன் மேஜையில் படுக்கவைத்ததும் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"சாப்பிட்டியாம்மா?"

"இன்னும் இல்லை, சுஸ்டர்" என்றாள் ரெட்னோ, நர்ஸை அழைக்கும் ஊர் வழக்கப்படி.

வார்டிலும் இதையேதான் சொல்லியிருந்தாள். பித்தப்பைக் கல்லை எடுக்க டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு நின்றார். சுமார்னி மருந்து ஊசியைக் கையில் எடுத்தாள்.

அப்போது ரெட்னோவுக்கு ஓர் ஏப்பம் வந்தது.

சுமார்னிக்குத் திக்கென்றது. பட்டினி வயிற்று ஏப்பத்தில் பூண்டு வாசனை அடிக்குமா?

ஊசியைக் கீழே வைத்தாள். ஜாவாவிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இது எப்படி மறந்துபோனது? இந்த ஊரில் சோறு தின்றால்தான் சாப்பிட்ட கணக்கு. மற்றதெல்லாம் சும்மா வாய்க்கு வேலை.

"ரொட்டி ஏதாவது தின்னியா?"

"இல்லை, சுஸ்டர்."

"எண்ணெயில பொரிச்ச வாழைப்பழம்?"

"இல்லை."

"நூடுல்ஸ்?"

ரெட்னோ முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ரெட்னோ, என்னைப் பாரு. இது உன் உயிர் சமாச்சாரம்."

"விடியக்காலையில... ஒரு தட்டு. முட்டை போட்டு. ஆனா சோறு தொடவே இல்லை சுஸ்டர், சத்தியமா!"

மயக்கத்தில் அந்த நூடுல்ஸ் மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கியிருந்தால் மூச்சு அங்கேயே நின்றிருக்கும்.

"நாளைக்கு வச்சுக்கலாம்" என்று கையுறையைக் கழற்றினார் டாக்டர்.

"யார் வாங்கிக் கொடுத்தது?" என்று கேட்டாள் சுமார்னி.

ரெட்னோ அழ ஆரம்பித்தாள். "கேக்காதீங்க, சுஸ்டர். வெளியில மட்டும் சொல்லிடாதீங்க."

மாமியாரிடம் அவ்வளவு பயமா! சுமார்னிக்கு ஆத்திரம் பொங்கியது. விடுவிடுவென்று வெளியே வந்தாள்.

வராந்தாவில் ரெட்னோவின் புருஷன் குந்தோரோ குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான். கர்சினா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆபரேஷன் நாளைக்குத்தான். காலையில அவளுக்கு நூடுல்ஸ் கொடுத்தது யாரு?"

குந்தோரோ அப்படியே நின்றான். "நூடுல்ஸா? தின்னாளா அவ? ஃபேக்டரியில கால்ல விழாத குறையா ஒரு நாள் லீவு வாங்கிட்டு வந்திருக்கேன். ஒரு வேளை நாக்கைக் கட்ட முடியலையா அந்த மகாராணிக்கு? வரட்டும், பேசிக்கறேன்!"

கதவை நோக்கிப் பாய்ந்தவனின் சட்டையைக் கர்சினா பிடித்து இழுத்தாள்.

"அவளை ஒண்ணும் சொல்லாதேடா. நான்தான் கொடுத்தேன்."

"என்னது?"

"பாவம், பசின்னா. நூடுல்ஸ்தானேன்னு கொடுத்துட்டேன்."

குந்தோரோ வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். பெற்ற தாய் என்றும் பார்க்கவில்லை. போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்க்கும்படி கத்தினான். சுமார்னியும் விடவில்லை.

"தண்ணியைப் பிடுங்கினீங்களே, அதெல்லாம் எங்க முன்னாடி நாடகமா? அவ செத்துப்போயிருப்பா, தெரியுமா?"

காலையில் அத்தனை வாய் பேசியவள் இப்போது தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். கத்திக் களைத்துப்போய், லீவு நீட்டிக் கேட்கப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான் மகன்.

சுமார்னி உள்ளே திரும்பினாள்.

"பயப்படாதே. உன் மாமியாரே ஒத்துக்கிட்டாங்க. நானும் நல்லா நாலு வார்த்தை கேட்டுட்டுத்தான் வர்றேன்."

ரெட்னோ விழித்தாள். "இபுவா? என்னன்னு ஒத்துக்கிட்டாங்க?"

"நூடுல்ஸ் கொடுத்ததை."

"ஐயோ, அவங்க பஸ்ஸுல வந்து இறங்கறதுக்குள்ள எதிர்க்கடையில நானே போய்த் தின்னுட்டு வந்துட்டேன், சுஸ்டர்! அவருக்குத் தெரிஞ்சாக் கத்துவாரேன்னுதான் வெளியில சொல்லாதீங்கன்னேன்."

சுமார்னியின் முகம் விழுந்துவிட்டது. மறுபடி வராந்தாவுக்கு வந்தாள். கர்சினா தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இபு... செய்யாத தப்பை ஏன் உங்க தலையில போட்டுக்கிட்டீங்க?"

"மெதுவாப் பேசுங்க சுஸ்டர், அவன் வந்துடப்போறான்" என்று வாசல் பக்கம் பார்த்தாள் கர்சினா. பிறகு, தணிந்த குரலில் கேட்டாள்:

"உங்ககிட்ட உண்மையைச் சொன்னதுக்கு அவ இன்னிக்குத் திட்டு வாங்கினா, நாளைக்கு நீங்க கேக்கறப்போ வாயைத் திறப்பாளா?"