யார் கொடுத்த மருந்து?

"என்ற பையனுக்கு என்னத்தைக் குடுத்துத் தூங்க வெச்சீங்க? இப்பவே சொல்லிப்போடுங்க!"

கருமத்தம்பட்டி ஆஸ்பத்திரி வராந்தாவில் சண்முகப்பிரியா போட்ட சத்தத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே அவளுடைய இரண்டு மாதக் குழந்தை மிதுன், பாலுக்குக்கூடக் கண் திறக்காமல் கிடந்தான். காண்ட்ராக்ட் வேலைக்காரிக்குப் பேறுகால லீவெல்லாம் ஏது? போன மாதமே ஸ்பின்னிங் மில்லுக்குத் திரும்பிவிட்டாள்.

எதிரே நின்றவள் குழந்தையம்மாள், மில் காப்பகத்து ஆயா. மிதுனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவளும் அவள்தான்.

"சாமி சத்தியமா ஒண்ணும் குடுக்கலீங்க அம்மணி!"

"பொய்! அழுதா உங்களுக்குத் தொந்தரவு, அதான? என்ற பாலைத் தவிர, கிரைப் வாட்டர்கூட அவன் வாயில பட்டதில்லீங்க!"

கூட வந்திருந்த சூப்பர்வைசர் அப்புசாமி கனைத்தார். "ஏனுங்க ஆயா, நாளையில இருந்து வேலைக்கு வர வேண்டாமுங்க."

வேலையைப் பிடுங்கும்போதும் மரியாதைக்குக் குறைச்சலில்லை. விசாரணைதான் இல்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. மில்லுக்கு இளைத்தவள் ஆயா.

டாக்டரம்மா வெளியே வந்தார். முகம் கடுகடுவென்றிருந்தது.

"உசுருக்குப் பயமில்லை. ஆனா இது பெரியவங்க மாத்திரையோட மயக்கம். நம்ம ஒடம்பு அதை ஒரே நாள்ல வெளியேத்திரும். இவனுக்கு ஈரலும் கிட்னியும் இன்னும் முழுசா வேலை செய்யப் பழகலை. கொஞ்சங் கொஞ்சமா உள்ளயே தேங்கிப்போச்சு. யாரு குடுத்தது?"

"பாத்தீங்களா!" சண்முகப்பிரியா ஆயாமேல் பாய்ந்தாள்.

ஆயா அழுதுகொண்டே சொன்னாள்: "நேத்து ஞாயித்துக்கெழமை, காப்பகம் லீவுங்க டாக்டரம்மா. நேத்தும் இப்படித்தான் தூங்குனான்னு இந்த அம்மணியே சொல்லுச்சுங்க."

டாக்டர் சண்முகப்பிரியா பக்கம் திரும்பினார். "ஊட்டுல யாராச்சும் மாத்திரை சாப்பிடறீங்களா?"

"நான் மட்டுந்தானுங்க. பஞ்சுத் தூசிக்குத் தும்மல் நிக்காதுங்க. தும்மிக்கிட்டே நின்னா வேலை கெடுதுன்னு, இந்த சூப்பர்வைசர் ஐயாதான் வாராவாரம் ஒரு அட்டை குடுப்பாருங்க. தெனம் ரெண்டு போடறேன்."

அப்புசாமி மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார்.

"ஆனா அதை நான்தானுங்க முழுங்கறேன்! அவனுக்கு நான் ஒண்ணுமே குடுக்கலீங்களே?"

"பால் குடுக்கறியேம்மா" என்றார் டாக்டர்.